விமான பேட்டரி சர்வீஸ் செய்வது எப்படி: தண்ணீர்க் கணக்கை எழுதி வையுங்கள்

ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியியல்) படித்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பேட்டரி ஷாப்பில் போட்டால் முகம் வாடிவிடும். கூடப் படித்தவன் எஞ்சின் பக்கத்தில் நின்று போட்டோ அனுப்புகிறான். இவனுக்குக் கிடைத்ததோ ரப்பர் ஏப்ரன், முகக்கவசம், ஒரு சிரிஞ்சு, இருபது செல். நான் சென்னையில் இந்த வேலைதான் பார்க்கிறேன், வேறு ஷாப்புக்கு மாற்றிக் கேட்டதும் இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்போவது நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றி. நாங்கள் சுருக்கமாக ‘நிகாட்’ என்போம். ஒரு பெட்டிக்குள் பெரும்பாலும் இருபது சின்னச் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். லித்தியம் பற்றிக் கடைசியில் கொஞ்சம் வரும். ஒரு விஷயம் முன்கூட்டியே: ஒவ்வொரு பார்ட் நம்பருக்கும் தயாரிப்பாளர் கொடுத்த சி.எம்.எம். கையேடு உண்டு. வேலை செய்யும்போது மேஜையில் திறந்திருக்க வேண்டியது அதுதான், இந்தக் கட்டுரை அல்ல. நான் தரும் எண்கள் ஏன், எதற்கு என்று புரிந்துகொள்வதற்காக.

முதலில், இந்தப் பெட்டி விமானத்தில் என்ன செய்கிறது? ஏர்பஸ் ஏ320-ஐ எடுத்துக்கொள்வோம். எஞ்சினில் சுற்றும் ஜெனரேட்டர் தருவது 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் ஏ.சி. அதை 28 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருவது டி.ஆர். எனப்படும் டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபையர். 23 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இருக்கின்றன. எல்லா ஏ.சி.யும் போய்விட்டால் கதை தலைகீழ்: பேட்டரியின் டி.சி.யை எடுத்து, ஸ்டாட்டிக் இன்வெர்ட்டர் 1 கிலோ வோல்ட்-ஆம்பியர் அளவுக்கு ஏ.சி.யாக மாற்றி, மிக அவசியமான கருவிகளுக்குக் கொடுக்கும். காலையில் பைலட் பேட்டரி வோல்ட்டேஜைப் பார்க்கிறார், 25.5-க்குக் கீழே இருந்தால் 20 நிமிடம் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மின்சாரத்தை மாற்றும் கருவிகளும் பேட்டரியும் ஒரே நிறுவனத்திலிருந்து வருவது இந்தத் தொழிலில் சகஜம். ஹைதராபாத்தில் 1977-ல் தொடங்கிய ஹெச்.பி.எல். விமான பேட்டரியும் செய்கிறது, ரெக்டிஃபையர், சார்ஜரும் செய்கிறது. அமெரிக்காவில் அரிசோனாவின் செக்யூராபிளேனும் அப்படித்தான். அதற்குக் காரணம் உண்டு. பேட்டரி எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அதைச் சார்ஜ் செய்யும் கருவிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. போயிங் 737-ல் தனி சார்ஜர் இருக்கிறது. ஏ320-ல் சார்ஜ் லிமிட்டர் என்ற பெட்டி, பேட்டரியை 28 வோல்ட் பஸ்ஸோடு (விமானத்தின் கருவிகளுக்கு மின்சாரம் பிரிந்து போகும் பொதுத் தடம்) எப்போது சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்று பார்த்துக்கொள்கிறது. சின்ன டர்போபிராப்களிலும் ஹெலிகாப்டர்களிலும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் நேராக ஏற்றுகிறது. இவற்றில் எது பிசகினாலும் அதன் தடயம் ஷாப்புக்கு வருவது செல்களுக்குள் குறைந்திருக்கும் தண்ணீரின் வடிவில். அதனால்தான் தலைப்பிலேயே தண்ணீரைக் கொண்டுவந்தேன்.

வேலைக்கு வருவோம். பேட்டரி வந்ததும் கை வைக்காதீர்கள். மே மாதத்தில் வெளியே நிறுத்துமிடத்தில் நின்ற விமானத்திலிருந்து கழற்றி, அதே வெயிலில் டிராலியில் தள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள். கேஸ், அதாவது பேட்டரியின் வெளிப்பெட்டி, தொட்டால் சுடும். சூட்டோடு சார்ஜ் ஏற்றினால் நிகாட் சரியாக வாங்கிக்கொள்ளாது. ஆம்பியர் உள்ளே போகும், ஆனால் பெரும்பகுதி வாயுவாகவும் வெப்பமாகவும் வீணாகும். டெஸ்ட்டில் கெபாசிட்டி குறைவாக வந்து நல்ல பேட்டரியைக் கெட்டது என்று எழுதிவிடுவீர்கள். அறை வெப்பத்துக்கு இறங்கட்டும். அதற்குள் டேக், சீரியல் நம்பர், எந்த விமானம், ஏன் கழற்றினார்கள், போன முறை ஷாப்புக்கு வந்த தேதி என்று எல்லாவற்றையும் ஷீட்டில் ஏற்றுங்கள். ‘ஷெட்யூல்டு’ என்று வந்ததா, ‘லோ வோல்ட்டேஜ்’ என்று வந்ததா என்பது பின்னால் உதவும்.

அடுத்து உங்கள் உடம்பைப் பாருங்கள். மோதிரம், காப்பு, வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாம் லாக்கருக்குள். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டியிருக்கிறவர்கள் சட்டையை உள்ளே விட்டு ஏப்ரனை இறுக்கிக் கட்டுங்கள். குனியும்போது வெளியே வந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். நிகாட் செல்லின் உள் மின்தடை மிகமிகக் குறைவு. செல்களை இணைக்கும் லிங்குகள் இரண்டுக்கு நடுவில் உலோகம் விழுந்தால் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் ஆம்பியர் பாயும். மோதிரம் விரலோடு சேர்ந்து பழுக்கும். ஸ்பேனர்களின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் இருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் திரவம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடும் காரம். அமிலம் பட்டால் உடனே எரியும், உதறிவிடுவோம். காரம் அப்படியில்லை. கையில் பட்ட இடம் சோப்பு தேய்த்தது மாதிரி வழவழவென்று இருக்கும். தோலில் இருக்கும் கொழுப்பையே அது சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஓடும் தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். தரையிலோ மேஜையிலோ சிந்தினால் போரிக் ஆசிட் கரைசல் ஊற்றித் துடைக்கலாம். கண்ணில் பட்டால் வேறு எதையும் தேடாதீர்கள், ஐவாஷுக்கு (கண் கழுவும் குழாய்) ஓடி குறைந்தது 15 நிமிடம் தண்ணீர், அப்புறம் டாக்டர். ஐவாஷ் வேலை செய்கிறதா என்று ஷிப்ட் ஆரம்பிக்கும்போதே அழுத்திப் பாருங்கள்.

லெட்-ஆசிட் பேட்டரி பார்க்கும் அறையும் நிகாட் அறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். கருவியும் தனி, ஏப்ரனும் தனி. அந்தப் பக்கத்து சிரிஞ்சு ஒரு தடவை இந்தப் பக்கம் வந்தாலும் அமிலம் செல்லுக்குள் போய்த் தகட்டைக் கெடுத்துவிடும். திரவத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை எடுத்து நிகாட்டில் விட்டுப் பார்க்கும் பழக்கம் கார் பேட்டரி பார்த்தவர்களுக்கு உண்டு. இங்கே அது பயனில்லை. நிகாட்டில் சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் திரவத்தின் அடர்த்தி ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

மூடியைத் திறந்ததும் செல்களின் தலையில் வெள்ளைப் பொடி தெரியும். பொட்டாசியம் கார்பனேட் அது. வெளியே கசிந்த காரம் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உண்டாவது. லேசாக இருந்தால் சாதாரணம். அப்பிக்கிடந்தால் யாரோ தண்ணீரை அதிகம் ஊற்றியிருக்கிறார்கள், அல்லது செல்லின் வாயு வெளியேறும் வென்ட் மூடி தளர்ந்திருக்கிறது. எந்தச் செல்லைச் சுற்றி அதிகம் என்று துடைப்பதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள், துடைத்த பிறகு அந்தச் சாட்சி கிடைக்காது. வென்ட்கள் மூடியிருக்கும்போதே நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் கூடாது.

நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். இதைப் பலர் சடங்காகச் செய்கிறார்கள். தளர்ந்த ஒரு நட் போதும், எஞ்சின் ஸ்டார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகும்போது அந்த இடத்தில் பொறி கிளம்பும். மேலே ஹைட்ரஜன் இருந்தால் மூடி பறக்கும். லிங்கில் நீலமோ கருப்போ நிறம் ஓடியிருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் கனெக்டரின் பின்களைப் பாருங்கள், தேய்மானத்துக்கு அளவுக் கருவி உண்டு. உள்ளே இருக்கும் வெப்ப சென்சாரையும் சோதிக்க வேண்டும். சார்ஜரும் காக்பிட் எச்சரிக்கையும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

அப்புறம் இன்சுலேஷன். இன்சுலேஷனை அளக்கும் மெகரின் ஒரு முனை கேஸில், மறுமுனை செல் முனையில். கையேடு சொல்லும் எல்லைக்குக் கீழே வந்தால் செல்களுக்கும் கேஸுக்கும் நடுவில் ஈரக் காரம் பாதை போட்டிருக்கிறது. எல்லாச் செல்லையும் கழற்றி, கழுவி, காயவைத்து மறுபடி கோக்க வேண்டியதுதான். அரை நாள் வேலை. மேலே மட்டும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தால் எண் ஏறும், ஆனால் அடியில் இருக்கும் ஈரம் அங்கேயே இருக்கும். இரண்டு வாரத்தில் பேட்டரி திரும்பி வரும். கழற்றும் சமயத்தில் வென்ட் வால்வுகளையும் கழுவிச் சோதித்துவிடுங்கள். 2-லிருந்து 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குள் திறக்க வேண்டும். அதற்கு மேலும் திறக்காத வால்வு செல்லை உப்பவைக்கும், முன்னதாகவே திறப்பது காரத்தைத் துப்பும்.

இனி டிஸ்சார்ஜ். விமானத்தில் இந்த பேட்டரி எப்போதும் ஓரளவு நிரம்பியே இருக்கும். கொஞ்சம் இறங்கும், உடனே ஏறும். இப்படியே மாதக்கணக்கில் போனால் இருபது செல்லும் இருபது விதமாக நிற்கும். ஒன்று நிரம்பி வழிந்துகொண்டிருக்கும், இன்னொன்று முக்கால்தான் ஏறியிருக்கும். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் ஷாப்பின் முதல் காரியம். ஒரு மணி நேர ரேட்டில், அதாவது 23 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 23 ஆம்பியரில் இறக்குங்கள். ஒரு செல் 1 வோல்ட்டைத் தொட்டதும் அதன் தலையில் 1 ஓம் ரெசிஸ்டர் கிளிப்பை மாட்டுங்கள். எல்லாச் செல்லும் அங்கே வந்ததும் கிளிப்களோடு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். கிளிப் மாட்டாமல் பெரிய ஆம்பியரில் தொடர்ந்து இறக்கினால் பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகும். மற்ற பத்தொன்பதும் சேர்ந்து அதைத் தள்ளும்.

மறுநாள் காலையில் சார்ஜ். கையேட்டுக்குக் கையேடு முறை மாறும். பரவலாக இருப்பது, பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் மெதுவாக ஏற்றுவது, அல்லது முதலில் வேகமாக ஏற்றி முடிவில் அந்த மெதுவான ஆம்பியரில் 4 மணி நேரம் ஓவர்சார்ஜ் கொடுப்பது. 23-க்கு அது 2.3 ஆம்பியர். வென்ட் மூடிகளைத் தளர்த்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றும் நிலை வந்துவிடும்.

ஆரம்பத்திலேயே ஏதாவது செல் 1.7 வோல்ட்டுக்கு மேல் எகிறினால் அது வறண்டுபோன செல். 5 சிசி தண்ணீர் கொடுத்து மேலே போங்கள், வோல்ட்டேஜ் இறங்கிவிடும். சார்ஜின் நடுவில் தண்ணீர் ஊற்ற அனுமதி உள்ள இடம் இது ஒன்றுதான். மற்றபடி சார்ஜ் இல்லாத பேட்டரியில் தண்ணீரே ஊற்றக்கூடாது. சார்ஜ் இறங்கும்போது திரவத்தைத் தகடுகள் உறிஞ்சிக்கொள்வதால் மட்டம் கீழே போய்த்தான் இருக்கும். குறைவாகத் தெரிகிறதே என்று அப்போது ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது மட்டம் மேலே வந்து வென்ட் வழியாக வழியும். நான் முன்னால் சொன்ன வெள்ளைப் பொடியில் பாதி இப்படி வருவதுதான்.

சார்ஜின் கடைசி அரை மணி நேரம்தான் இந்த வேலையின் மையம். போனைப் பையில் வைத்துவிட்டு மேஜையருகே நில்லுங்கள். ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றாம் செல்லிலிருந்து இருபது வரை மீட்டரை வைத்து வோல்ட்டேஜை எழுதுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, இருபதையும் பார்த்தாக வேண்டும். எல்லாம் 1.5-க்கு மேல், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு சுற்று எழுதுங்கள். நீங்கள் தேடுவது ஏறாத செல்லை மட்டுமல்ல, ஏறிவிட்டு இறங்கும் செல்லையும். 1.53 காட்டிய செல் அடுத்த சுற்றில் 1.47 காட்டினால் அதன் மேல் புறங்கையை வையுங்கள். பக்கத்துச் செல்லைவிடச் சூடாக இருக்கும்.

ஏன் என்று தெரிந்தால் மறக்காது. நேர்த் தகட்டுக்கும் எதிர்த் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்று உண்டு, கேஸ் பேரியர், அதாவது வாயுத் தடுப்பு, என்பார்கள். ஓவர்சார்ஜில் நேர்த் தகட்டில் ஆக்சிஜன் உண்டாகும். படலம் நன்றாக இருந்தால் அது மேலே போய் வென்ட் வழியாக வெளியேறும். கிழிந்திருந்தால் எதிர்த் தகட்டுக்குப் போய் அங்கே சேர்ந்து வெப்பத்தைத் தரும். செல் சூடானால் வோல்ட்டேஜ் இறங்கும். விமானத்தில் பஸ் 28 வோல்ட்டில் பிடிவாதமாக நிற்பதால், பேட்டரியின் வோல்ட்டேஜ் இறங்க இறங்க அதற்குள் ஆம்பியர் அதிகமாகப் பாயும். ஆம்பியர் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும். தெர்மல் ரன்அவே என்பது இதுதான். ஷாப்பில் ஆம்பியரை நாம் கட்டிவைத்திருப்பதால் செல் சும்மா வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். விமானத்தில் அப்படி இருக்காது.

இப்போது தண்ணீர். டிஸ்டில்டு அல்லது டீமினரலைஸ்டு தண்ணீர் மட்டும். ‘ஆர்.ஓ. கேன் தண்ணீர் சுத்தம்தானே அண்ணா’ என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். குடிக்கச் சுத்தம், செல்லுக்கு இல்லை. அதில் மிச்சமிருக்கும் உப்புகள் தகட்டோடு உள்ளேயே தங்கிவிடும், வெளியே எடுக்க வழியில்லை.

சிரிஞ்சின் முனையில் மாட்டும் நாசில் செல்லின் ரகத்துக்கு ஏற்ற நீளத்தில் இருக்கும். மாற்றிப் போட்டால் மட்டமே தப்பு. நாசிலின் தோள் வென்ட் துவாரத்தின் விளிம்பில் உட்காரும் வரை இறக்கி, பிஸ்டனை மெதுவாக இழுங்கள். காற்று மட்டும் வந்தால் கையிலேயே தெரியும், எதிர்ப்பில்லாமல் பிஸ்டன் சர்ரென்று வரும். அப்படியென்றால் மட்டம் குறைவு. 5 சிசி விடுங்கள், மறுபடி இழுங்கள். இன்னும் காற்றுதானா, இன்னொரு 5. கொஞ்சம் திரவம் சிரிஞ்சுக்குள் ஏறியதும் நிறுத்துங்கள், நாசில் முனைக்கு மேலே இருந்த உபரிதான் உள்ளே வந்தது, செல்லில் மட்டம் இப்போது சரி. உள்ளே வந்த உபரி எத்தனை சிசி என்று பார்த்துக் கழித்து, நிகரத்தை அந்தச் செல்லின் எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். எழுதிய பிறகுதான் அடுத்த செல். மொத்தமாகக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுகிறவர்களின் ஷீட்டில் இருபது செல்லுக்கும் ஒரே எண் இருக்கும். அந்த ஷீட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஒரு செல்லுக்குள் ஓவர்சார்ஜாகப் போகும் ஒவ்வொரு 3 ஆம்பியர்-மணிக்கும் ஏறக்குறைய 1 சிசி தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகும். இது பள்ளிக்கூட மின்னாற்பகுப்புக் கணக்கு, எந்த பேட்டரிக்கும் மாறாது. அதனால் ஒரு செல் 12 சிசி குடித்தால், போன சர்வீஸிலிருந்து இன்றுவரை அது 36 ஆம்பியர்-மணி ஓவர்சார்ஜ் வாங்கியிருக்கிறது. விமானத்தின் சார்ஜிங் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவு ஷாப்பில் வேறு இல்லை.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? எல்லாச் செல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஆனால் போன முறையைவிட நிறையக் குடித்திருந்தால் செல்களைக் குறை சொல்லாதீர்கள். ஒன்று சர்வீஸ் இடைவெளி நீண்டுவிட்டது, அல்லது விமானத்தில் சார்ஜிங் வோல்ட்டேஜ் உயர்ந்திருக்கிறது. அந்த முடிவுக்கு வருமுன் பேட்டரியில் எத்தனை செல் என்று எண்ணுங்கள். சில விமானங்களில் 20-க்குப் பதில் 19 செல் பேட்டரி போடுவார்கள். 28.5 வோல்ட் பஸ்ஸில் 20 செல் இருந்தால் ஆளுக்கு 1.425 வோல்ட், 19 இருந்தால் 1.5. பின்னது எப்போதுமே அதிகம் குடிக்கும், அது அதன் சுபாவம். வெயிலும் சேரும்: சூட்டில் செல் வாயு விட ஆரம்பிக்கும் வோல்ட்டேஜ் இறங்கிவிடுவதால், குளிர் ஊரில் சரியாக இருந்த அதே செட்டிங் நம் ஊர்க் கோடையில் அதிகமாகிவிடும்.

ஒரே ஒரு செல் மற்றவற்றைவிட மிகக் குறைவாகக் குடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கேஸ் பேரியர் போன செல்லில் ஆக்சிஜன் வெளியேறாமல் உள்ளேயே சேர்ந்துவிடுவதால் தண்ணீர் செலவாகாது. சார்ஜ் முடிவில் வோல்ட்டேஜ் இறங்கிய செல்லும் இதுவும் ஒன்றுதானா என்று ஷீட்டில் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு செல் மட்டும் மிக அதிகமாகக் குடித்திருந்தால் வென்ட் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங், செல் ஜாடியில் விரிசல், இரண்டையும் தேடுங்கள். எல்லாமே மிகக் குறைவு, அதோடு வந்தபோதே சார்ஜும் குறைவு என்றால் விமானத்தில் பேட்டரி நிரம்பவே இல்லை. குட்டிக் குட்டிப் பறப்புகளும், தரையில் பேட்டரியிலேயே விளக்கு எரித்துக்கொண்டு காத்திருப்பதும் செய்யும் வேலை இது.

ஒரு டர்போபிராப்பின் பேட்டரி எங்களிடம் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. கெபாசிட்டி ஒவ்வொரு முறையும் பாஸ். ஆனால் தண்ணீர்க் கணக்கு 9, 13, 17 என்று ஏறிக்கொண்டே போனது, இருபது செல்லும் சேர்ந்தாற்போல. ‘பேட்டரி நன்றாக இருக்கிறது, விமானத்தின் பஸ் வோல்ட்டேஜை அளவு பார்த்த மீட்டரால் சரிபார்க்கவும்’ என்று ரிமார்க்ஸில் எழுதி அனுப்பினோம். விமானத்தருகே வேலை பார்க்கும் லைன் ஆட்கள் முதலில் காக்பிட் கேஜைப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்தபோது ரெகுலேட்டர் அரை வோல்ட் கூடுதலாக விட்டுக்கொண்டிருந்தது. இருபதால் வகுத்தால் செல்லுக்கு 0.025 வோல்ட்தானே என்று தோன்றும். நிரம்பிய நிகாட்டில் அந்த இடத்தில்தான் ஆம்பியர் செங்குத்தாக ஏறும்.

தண்ணீர் முடிந்ததும் வென்ட்களை மூடி, பேட்டரியை ஆறவிட்டு, கெபாசிட்டி டெஸ்ட். மறுபடி ஒரு மணி நேர ரேட்டில் இறக்கி, முதல் செல் 1 வோல்ட்டைத் தொடும் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 85 விழுக்காடு கேட்கும் கையேட்டுக்கு 51 நிமிடம் வேண்டும். கையேட்டின் எண் எதுவோ அதுதான் தீர்ப்பு. ஒரு நிமிடம் குறைந்தாலும் ஃபெயில். ஃபெயிலானால் உடனே செல்லைத் தூக்கி எறிய வேண்டாம், இன்னொரு முறை முழுதாக இறக்கி ஏற்றினால் பல செல்கள் திரும்பி வந்துவிடும். வராத செல்லை மாற்றலாம், அதே தயாரிப்பாளரின் அதே பார்ட் நம்பரால் மட்டும். எத்தனை செல் வரை மாற்றலாம் என்பதற்கும் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் மொத்தச் செட்டையும் மாற்ற வேண்டும். பாஸானால் மறுபடி முழு சார்ஜ், கடைசியாக ஒருமுறை மட்டமும் இன்சுலேஷனும் பார்த்து, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் சி.ஏ. ஃபார்ம் 1 என்ற சான்றிதழைக் கொடுப்பார். அந்தத் தாளில் தண்ணீருக்குக் கட்டம் கிடையாது. ஒர்க் ஷீட்டின் நகல் ஒன்றை ஃபைலில் சீரியல் நம்பர் வாரியாக வையுங்கள், அடுத்த முறை அது வரும்போது ஒப்பிட வேண்டும்.

லித்தியம்-அயன் வந்தால் இதெல்லாம் கிடையாது. திறக்கக் கூடாது, தண்ணீர் இல்லை, பூஜ்யத்துக்கு இறக்குவது கெடுதல். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் சொல்வதைக் கேட்டு, தயாரிப்பாளர் சொன்ன சார்ஜரில் மட்டும் போட வேண்டும். 2006-ல் டூசானில் செக்யூராபிளேன் சோதித்துக்கொண்டிருந்த ஒரு லித்தியம் பேட்டரி தீப்பற்றி அவர்களுடைய கட்டடம் ஒன்றே எரிந்துபோனது. 2013 ஜனவரி 7 அன்று பாஸ்டனில் தரையில் நின்ற ஜப்பான் ஏர்லைன்ஸ் போயிங் 787-ல் ஏ.பி.யு. (வால்பகுதியில் உள்ள துணை எஞ்சின்) பேட்டரி எரிந்தது, அதே மாதம் 16-ம் தேதி ஆல் நிப்பான் 787 ஒன்று பேட்டரிப் புகையோடு தகமாட்சுவில் இறங்கியது. உலகம் முழுக்க 787 தரையில் நின்றது, ஏர் இந்தியாவின் ஆறும் சேர்த்து. பாஸ்டன் விசாரணை சொன்னது: எட்டுச் செல்லில் ஒன்றுக்குள் ஷார்ட், அந்தச் சூடு மற்றவற்றுக்கும் பரவியது. ஏப்ரலில் பறக்க விட்டபோது பேட்டரியைச் சுற்றி எஃகுப் பெட்டி, புகையை வெளியே விடக் குழாய், செல்களுக்கு நடுவில் கூடுதல் தடுப்பு, சார்ஜ் எல்லைகளில் இறுக்கம் என்று மாற்றியிருந்தார்கள். செல்லுக்குள் எட்டிப்பார்க்க ஷாப்புக்கு வழியில்லாத பேட்டரியில் காவல் எல்லாம் பெட்டியிலும் சார்ஜரிலும்தான் இருக்க வேண்டியிருக்கிறது. கீழே விழுந்த, உப்பிய, இடிபட்ட லித்தியம் பேட்டரி வந்தால் ஷாப்புக்குள்ளேயே எடுக்காதீர்கள். வெளியே தனியாக வைத்துவிட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்.

அனுப்பும்போது நிகாட் பெட்டியில் அபாயப் பொருளுக்கான எண் யு.என். 2795 லேபிள், லித்தியத்துக்கு யு.என். 3480. முனைகளுக்குக் காப்பு மூடி, நிகாட் நிமிர்ந்தே போக இரண்டு பக்கமும் அம்புக்குறி. டிரைவர் வண்டியில் ஏற்றும்போது கூட நின்று பாருங்கள். படுக்கவைத்துவிட்டால் மட்டம் வைத்ததெல்லாம் வென்ட் வழியாகப் போய்விடும், பேட்டரியை மறுபடி மேஜைக்குத்தான் கொண்டுவர வேண்டும்.